கசிவைத் தேடிய பத்து வாரங்கள்

பெரியப்பாவின் தோட்டம் தேனி மாவட்டத்தில், தேவாரத்திலிருந்து பொட்டிப்புரம் போகும் வழியில் இருக்கிறது. கிணற்று மேட்டில் ஏறி நின்றால் அம்பரப்பர் மலை தெரியும். அந்த மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள நியூட்ரினோ உணர்கருவியை நிறுவும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். ஊரில் அப்போது எந்தத் தேநீர்க் கடையிலும் வேறு பேச்சு இல்லை. நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள். அந்தச் சொல் பலர் காதில் நியூட்ரான் என்று விழுந்தது. நியூட்ரான் என்றால் குண்டு. வெடி வைத்தால் கிணறுகளின் ஊற்றுக்கண் அடைபடுமா, அணுக்கழிவைக் கொண்டுவந்து மலைக்குள் புதைக்கப் போகிறார்களா, மேய்ச்சலுக்குப் போகும் பாதையை அடைத்துவிடுவார்களா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பெரியப்பா என்னிடம் கேட்டது அவற்றுள் எதுவும் இல்லை. ஒரு மாலை, மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, "பாப்பா, நீ பிசிக்ஸ் படிக்கப் போறேங்கிற. அந்தக் கருவிக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். பாடப்புத்தகத்தில் நியூட்ரினோவைப் பற்றி இருந்த இரண்டு வரிகளை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வர்றது எதுன்னு சொல்ற. நான் கேக்குறது உள்ள இருக்கறது எதுன்னு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அன்று எனக்கு வாய் வரவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கேள்வியின் முன்னால் மறுபடி போய் நிற்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

ஜெனிவாவை ஒட்டியுள்ள செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வு மையம், ஒவ்வொரு கோடையிலும் பல நாட்டு மாணவர்களை அழைத்துச் சில வாரங்கள் ஆய்வுக் குழுக்களோடு வேலை செய்ய வைக்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்தே நடந்துவரும் வழக்கம் இது. இந்தியா 2017 ஜனவரியில் செர்னின் துணை உறுப்பு நாடானது. நான் மதுரையில் முதுநிலை இயற்பியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது விண்ணப்பித்தேன். தேர்வான செய்தி வந்த மின்னஞ்சலிலேயே என் வேலையும் குறிப்பிடப்பட்டிருந்தது. சி.எம்.எஸ். என்னும் பெரும் உணர்கருவியில் உள்ள ஆர்.பி.சி. அறைகளின் (வாயு நிரப்பிய தட்டையான துகள் உணரிகள்) வாயுக் கசிவை அளப்பது. ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த இடத்துக்குப் போகிறோம், அதன் தரவுகளில் ஏதேனும் ஒரு மூலையையாவது தொட்டுப் பார்ப்போம் என்று கனவு கண்டிருந்த எனக்கு அந்த வரி ஏமாற்றமாகவே இருந்தது. ஆர்.பி.சி. என்றால் என்ன என்று அன்றிரவு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் ஊர் மலைக்குள் இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஏறக்குறைய முப்பதாயிரம் என்ற எண்ணிக்கையில் அடுக்கத் திட்டமிட்டிருந்த கருவியும் அதே வகைதான் என்பது. ஏமாற்றம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. பெரியப்பா கேட்ட "உள்ள இருக்கறது" அதுதான்.

போடிநாயக்கனூருக்கு அந்த ஆண்டுகளில் ரயில் இல்லை. மீட்டர் கேஜ் பாதையைப் பிரித்துப்போட்டு அகலப்பாதைக்காகக் காத்திருந்த காலம். மதுரைக்குப் பேருந்து, அங்கிருந்து சென்னை, பிறகு இரண்டு விமானங்கள். பெட்டியில் அம்மா வைத்த அரைக் கிலோ ஏலக்காய் இருந்தது. ஏலக்காய்ச் சந்தை உள்ள ஊரிலிருந்து போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

எனக்கு இடம் கிடைத்த விடுதி பிரான்சில், சான்-ழெனி-பூயி என்னும் சிற்றூரில் இருந்தது. காலையில் மிதிவண்டியில் எல்லையைக் கடந்து சுவிட்சர்லாந்துப் பக்கம் உள்ள மேய்ரான் வளாகத்தில் விரிவுரை கேட்பேன். பிற்பகலில் மறுபடி பிரான்சுக்குள், பிரெவெஸ்ஸான் வளாகத்தில் வேலை. எல்லைச் சாவடியில் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. நடுவில் கோதுமை வயல்கள். வடமேற்கே ஜூரா மலை. கழுத்தில் கனத்த மணி கட்டிய மாடுகள். இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி வளையம் இந்த வயல்களுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதற்கு மேலே அடையாளம் எதுவும் இல்லை. சில இடங்களில் வேலி போட்ட கட்டடங்கள், அவ்வளவுதான். இந்தியா 2004-இல் அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலையின் முன் நின்று நானும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் கடந்து போகிறேன்.

என் மேற்பார்வையாளர் இத்தாலியர். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருந்தவர். ஆர்.பி.சி. கருவியை 1981-இல் உருவாக்கியவர்களும் இத்தாலியர்களே, ரினால்டோ சாந்தோனிகோவும் ரோபெர்ட்டோ கார்டரெல்லியும். அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பேக்கலைட் பலகைகள். நம் வீடுகளில் பழைய மின்விசைப் பொத்தான்கள் செய்யப்பட்ட அதே வகைப் பொருள். இரண்டு பலகைகளுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. வெளிப்புறத்தில் கிராஃபைட் பூச்சு. உட்புறத்தில் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு. இடைவெளியில் வாயுக் கலவையை மெல்ல ஓடவிட்டு, பலகைகளுக்கு இடையே ஒன்பதாயிரம், பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே ஒரு மின்துகள் ஊடுருவும் கணத்தில் வாயுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, பிய்ந்தவை இன்னும் பலவற்றைப் பிய்த்து, மலைச்சரிவில் ஒரு கல் உருண்டு பல கற்களை உருட்டுவதுபோலப் பெருகி, வெளியே உள்ள செப்புப் பட்டையில் ஒரு துடிப்பாகப் பதிகின்றன. துகள் வந்த நேரத்தை ஒரு நொடியின் நூறு கோடியில் ஓரிரு பங்கு வரை துல்லியமாகச் சொல்லும் கருவி, பேக்கலைட்டாலும் ஆளிவிதை எண்ணெயாலும் ஆனது என்பதை முதல் வாரத்தில் நான் திரும்பத் திரும்ப வியந்துகொண்டிருந்தேன். எண்ணெய் பூசாவிட்டால் பலகையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் தேவையற்ற மின்பொறி எழும் என்று மேற்பார்வையாளர் விளக்கினார். எண்ணெய் தேய்க்காத தோசைக்கல் நினைவுக்கு வந்தது.

வாயுக் கலவைதான் சிக்கலின் ஊற்று. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஆர்-134ஏ. கார் குளிரூட்டிகளிலும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் அடைக்கப்படும் அதே வாயு. நான்கரை சதவீதம் ஐசோபியூட்டேன், சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு. மீதி ஒரு துளி, 0.3 சதவீதம், சல்பர் ஹெக்சாஃபுளோரைடு. ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் வெப்பமூட்டும் வேலையைச் செய்கிறது. சல்பர் ஹெக்சாஃபுளோரைடோ இருபதாயிரம் மடங்குக்கும் மேல். வாயுவை வீணாக்காமல் சுத்திகரித்து மீண்டும் சுற்றவிடும் ஏற்பாடு சி.எம்.எஸ்.ஸில் உண்டு. ஆனால் ஓர் அறையில் விரிசல் விழுந்தால், சுற்றி வர வேண்டியது அந்த வழியே போய்விடும்.

போடியில் என் மாமா குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக். காணொளி அழைப்பில் என் வேலையைச் சொன்னபோது, "அட, நம்ம ஒன் தேர்ட்டி ஃபோர் கேஸா?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த நெருக்கம் எனக்கு எந்த விரிவுரையும் தராத தைரியத்தைத் தந்தது. செப்புக் குழாயின் பற்றவைப்பில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் முறை. இங்கே அந்த வாயுவை முகர்ந்து ஒலியெழுப்பும் கைக்கருவி இருக்கிறது என்று காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ரிப்பேர் பார்க்கும்போது மிச்சமிருக்கும் கேஸை எல்லோரும் காற்றில்தான் திறந்து விடுகிறோம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை என்றார். நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

2019-இல் முடுக்கி ஓடவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய நீண்ட பராமரிப்பு நிறுத்தம் அது. அதனால்தான் பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்த பிறகு என்னைப் போன்ற ஒரு மாணவியும் சி.எம்.எஸ். குகைக்குள் இரண்டு முறை இறங்க முடிந்தது. பிரான்சில் செஸ்ஸி என்னும் கிராமத்தின் ஓரத்தில், வளையத்தின் ஐந்தாம் முனையில் இருக்கிறது அது. தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, கதிர்வீச்சு அளவி, கண்ணின் கருவிழியைப் படித்துத் திறக்கும் கதவு, பிறகு நூறு மீட்டர் கீழே போகும் மின்தூக்கி. இருபத்தொரு மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் விட்டமும் 14,000 டன் எடையும் கொண்ட அந்த உருளையைத் துண்டு துண்டாகப் பிரித்து விலக்கி வைத்திருந்தார்கள். துண்டுகளின் சிவப்பு இரும்புக்கு நடுவே உள்ள சந்துகளில்தான் ஆர்.பி.சி. அறைகள் செருகப்பட்டிருக்கின்றன. மொத்தம் 1,056 அறைகள். அவற்றுள் 2013, 2014 ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட புதிய அடுக்குக்காக ஐம்பது அறைகள் இந்தியாவில், பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் கட்டப்பட்டவை. கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் மிகச் சிறியது. விரல்நுனி அளவே இருக்கும் பாலிகார்பனேட் இணைப்பில் ஒரு கீறல், அல்லது காலத்தால் முறுகி ஒடிந்த மெல்லிய குழாய். ஆனால் அது இருப்பது பல டன் இரும்புக்கும் பிற கருவிகளுக்கும் நடுவில். அதைத் தொட வேண்டுமானால் அறையைப் பாதியளவாவது வெளியே இழுக்க வேண்டும். ஆதலால் எந்த அறை கசிகிறது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கசியாத ஒன்றைக் கசிகிறது என்று சொல்லிவிட்டால் பலருடைய நாள்கணக்கான உழைப்பு வீண்.

பிரெவெஸ்ஸான் வளாகத்தின் கூடத்தில், மேசைமேல் கிடத்திய அறைகளில் அந்தச் சோதனையைப் பழகினேன். வாயுவைச் சில மில்லிபார் அழுத்தத்துக்கு ஏற்றி, வால்வை மூடி, அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பது. ஒரு மில்லிபார் என்பது ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்; ஒரு டம்ளர் தண்ணீரின் அடியில் உள்ளதைவிடக் குறைவு. கணினி நொடிக்கொரு முறை பதிவு செய்ய, நான் வரைபடத்தின் சரிவை அளப்பேன். முதல் மூன்று வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன.

ஜூலை இறுதியில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் கடும் வெப்ப அலை வீசியது. தேனியில் வளர்ந்த எனக்கே அந்தக் கூடத்தின் புழுக்கம் தாளவில்லை. அலை முறிந்த நாளில், பிற்பகல் நான்கு மணி அளவில், ஜூரா மலைக்குப் பின்னாலிருந்து கருமேகம் ஏறி வந்து இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டியது. மழை ஓய்ந்ததும் கதவுகளைத் திறந்து விட்டோம். குளிர்ந்த காற்றை அனுபவித்துக்கொண்டே சோதனையைத் தொடங்கினேன். அழுத்தம் கண்ணெதிரே இறங்கியது. முதல்முறையாக நானே ஒரு கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பரவசத்தில், மறுசோதனை செய்யாமல், அந்த அறையின் எண்ணைப் பழுதுப் பட்டியலில் ஏற்றிவிட்டுக் குழுவுக்கு அஞ்சலும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் கூடத்தின் மூத்த தொழில்நுட்பர் என்னை அழைத்தார். அறுபதை நெருங்கியவர்; செஸ்ஸிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வரைபடத்தை ஒருமுறை பார்த்தார். "நேற்று மாலை வெளியே என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மூடிய அறைக்குள் இருக்கும் வாயு ஒரு டிகிரி குளிர்ந்தால் அதன் அழுத்தம் சுமார் மூன்றரை மில்லிபார் குறையும். நான் தேடிக்கொண்டிருந்த கசிவின் அளவோ அதைவிடச் சிறியது. புயல் கடந்து போனதும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறியிருந்தது. என் அளவி காட்டியது உள்ளும் புறமும் உள்ள வேறுபாட்டை. நான் அளந்தது கசிவை அல்ல, ஜூராவின் மழையை. அந்த அறை குற்றமற்றது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பிழையை மறைக்கவும் விடவில்லை. தவறான பதிவை அழிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழிக்கக் கூடாது என்றார். அதன் கீழே, என்ன தவறு நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, எப்படித் தெரிந்தது என்று மூன்று வரிகளில் என் பெயரோடு எழுதச் சொன்னார். பொதுப் பதிவேட்டில், பல நாட்டினர் பார்க்கும் இடத்தில், என் தவறு என் கையாலேயே எழுதப்பட்டு இன்னும் இருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில், கல்லூரிகளில், அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுக்குத்தான் மதிப்பெண். செய்முறைத் தேர்வில் வரவேண்டிய விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அளவீடுகளைப் பின்னிருந்து எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது. பதிவேட்டில் அந்த மூன்று வரிகளை எழுதிய பிறகு என்னால் அப்படி எழுத முடியவில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் வெப்பநிலையையும் வெளியழுத்தத்தையும் சேர்த்து அளந்து, அவற்றின் பங்கைக் கழித்த பிறகே கசிவைக் கணக்கிடும் நிரலை எழுதினேன். என் பயிற்சியில் உருப்படியாக விளைந்தது அதுதான். பெரிய கண்டுபிடிப்பு அல்ல. வாயுவின் விதிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கழித்தலுக்குப் பின் இரவு அளவீடும் பகல் அளவீடும் ஒன்றுபோல வந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைப் போல அதற்கு முன் எந்த மதிப்பெண்ணிலும் கண்டதில்லை.

அந்தத் தொழில்நுட்பரோடு அதன்பின் நெருக்கமானேன். காபியில் போடச் சொல்லி அவருக்கு ஏலக்காய் கொடுத்தேன். எங்கள் ஊர் மலையைப் பற்றியும், கருவிக்குள் என்ன இருக்கிறது என்று பெரியப்பா கேட்டதைப் பற்றியும், என்னால் பதில் சொல்ல முடியாமல் போனதைப் பற்றியும் சொன்னேன். அவர் தன் தந்தையைப் பற்றிப் பேசினார். 1980களில் இந்த வளையத்துக்கான சுரங்கம் தோண்டப் போகிறார்கள் என்றபோது, அவர் தந்தைக்கும் முதல் கவலை ஊற்றுத் தண்ணீர்தான். அந்தக் கவலை வெறும் அச்சமல்ல என்பதை வரலாறு காட்டுகிறது. ஜூரா மலையின் சுண்ணாம்புப் பாறை நீர் நிறைந்தது என்பதால், மலைக்கடியில் செல்லும் நீளத்தைக் குறைக்கும்படி வளையத்தையே நகர்த்தி அமைத்தார்கள். அப்படியிருந்தும் தோண்டும்போது அந்தப் பகுதியில் நீர் பீறிட்டது. பின்னர் சி.எம்.எஸ். குகைக்காகச் செஸ்ஸியில் செங்குத்துக் குழிகள் தோண்டியபோது, நீர் ஓடும் சரளை அடுக்கைக் கடக்க, குழியைச் சுற்றியுள்ள நிலத்தையே குளிரூட்டி உறையவைத்துப் பனிச்சுவர் எழுப்பி, அதற்குள்ளே தோண்டினார்கள். அதற்கும் முன்னால், அதே இடத்தில் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் காலப் பண்ணை வீட்டின் எச்சங்களும் நாணயங்களும் கிடைத்ததால், தொல்லியலாளர்கள் வேலையை முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"உங்கள் தந்தை கடைசியில் நம்பினாரா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். "நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேசையில் என்னிடம் கேள்வி கேட்டார். என்ன செய்கிறீர்கள், எங்கே உடைந்தது, தண்ணீர் எங்கே போகிறது என்று. நான் அவருடைய மொழியில் பதில் சொன்னேன். நம்பிக்கை வந்ததா என்று தெரியாது. கேட்பதை அவர் நிறுத்தவில்லை." அந்தப் பேச்சை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையைப் பற்றிய விவாதத்தில் இரு பக்கமும் ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஒரு விவசாயியின் கேள்விக்கு அவருடைய பேச்சுத்தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒரு பிள்ளை எத்தனை வீடுகளில் இருந்தது? எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டியவள் நான்.

நான் ஊர் திரும்பிய ஆகஸ்ட் இறுதியில் செர்னில் திறந்த வீட்டு நாள்களுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. பராமரிப்பு நிறுத்தக் காலத்தில் சுற்றுவட்டார மக்களைக் குகைக்குள்ளேயே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அந்தச் செப்டம்பர் 14, 15 தேதிகளில் சுமார் 75,000 பேர் வந்ததாகப் பிறகு படித்தேன். அதைவிட என்னைத் தொட்டது அடுத்த ஆண்டு நடந்தது. 2020 செப்டம்பரில், ஊரடங்கில் வீட்டில் முடங்கியிருந்தபோது, செர்ன் தன் முதல் சுற்றுச்சூழல் அறிக்கையை வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டில் தன் நேரடி உமிழ்வு 1,92,100 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்றும், அதன் பெரும்பகுதி உணர்கருவிகளில் பயன்படும் ஃபுளோரின் வாயுக்களால் வந்தது என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். 2024 முடிவதற்குள் அதை 28 சதவீதம் குறைப்பதாக இலக்கும் வைத்தார்கள். நான் சோப்பு நுரையும் முகர்கருவியுமாகத் தேடிக்கொண்டிருந்த அந்தக் கீறல்கள் ஒரு பெரிய கணக்கின் சில்லறை என்பதை அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அது பெருமைப்பட வேண்டிய எண் அல்ல. ஆனால் பதிவேட்டில் எழுதச் சொன்ன அந்த மூன்று வரிகளின் குணம் அதில் இருந்தது.

எங்கள் ஊர்த் திட்டம் என்ன ஆயிற்று என்பது தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. மதிகெட்டான் சோலையையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்தில் அந்த மலை அமைந்திருப்பதால் அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. காட்டைப் பற்றிய அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதேவேளை, கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இறங்கிய அதே சுரங்கத்தில், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை 1965-இல் உலகிலேயே முதன்முதலாகப் பதிவு செய்த இரு ஆய்வுகளுள் ஒன்றின் மரபு தொடர்ச்சி இல்லாமல் நிற்பதைப் பார்த்து இயற்பியல் மாணவியாக என் மனம் வலிக்கிறது. இரண்டையும் ஒருசேரச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

செர்னிலிருந்து ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் அறை வாசலில், ஒரு வாளித் தண்ணீரில் மிதிவண்டி டியூபை முக்கி, பெரியப்பா பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு ஆண்டுக் கடனை அடைத்தேன். இரண்டு பலகை, நடுவில் ஒரு நூலிழைச் சந்து, உள்ளே எண்ணெய்ப் பூச்சு, அந்தச் சந்தில் மாமா ஃபிரிட்ஜுக்கு அடைக்கும் கேஸ், அதில் எங்கிருந்தோ வரும் துகள் பட்டால் ஒரு பொறி என்று, ஒரு ஆங்கிலக் கலைச்சொல்லும் இல்லாமல் சொன்னேன். மேலிருந்து வரும் மியூவான் என்னும் நுண்துகள்கள் நம் உள்ளங்கை வழியாகவும் ஒவ்வொரு நொடியும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன என்றபோது, ஈரக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த கேஸ் கசிவதையும், அது காற்றுக்குச் செய்யும் கெடுதலையும், நான் கசியாத அறையைக் கசிகிறது என்று எழுதியதையும் சொன்னேன். டியூபில் குமிழி வந்த இடத்தை அவர் விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"கசியுதுன்னு அவங்களே சொன்னாங்களா, நீ கண்டுபிடிச்சியா?"

"அவங்களே சொன்னாங்க பெரியப்பா. அதத் தேடத்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உப்புத்தாளால் டியூபைத் தேய்த்துக்கொண்டே, "சரி. நம்ம மலைக்குள்ள முப்பதாயிரம் வச்சா, தினம் யாரு வந்து முக்கிப் பாப்பாங்க?" என்று கேட்டார்.

"தெரியல பெரியப்பா" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, ஒட்டுப் போட்ட இடத்தை இன்னொரு முறை தண்ணீரில் முக்கினார். இருவரும் குனிந்து குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.